புத்தகத்தில் மெலிந்த நாய்

ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாய் மெலிய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு தை மாதம் உத்தரவு பிறந்தது. உத்தரவு ஆங்கிலத்தில், மூன்று பிரதிகளாக அடிக்கப்பட்டிருந்தது. ஒன்று ஆபீசுக் கோப்புக்கு, ஒன்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, ஒன்று அழகுமுத்துவுக்கு. அழகுமுத்துவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழும் வாசிக்க வராது. ஆனால் உத்தரவு என்று ஒன்று பிறந்துவிட்டால் அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நாயால் கைநீட்ட முடியாது.

நாயின் பெயர் மேஜர். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற வளைவுப் பாதையில், எந்த பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கண்ணில் படுகிற பெரிய பங்களாவில் அது வசித்தது. கறுப்பு நிறம், தொங்கு காது, சீமைச் சாதி. பெரிய துரையின் மனைவி, அதாவது துரைசாணி, குட்டியிலிருந்து வளர்த்தது. தாயாருக்குச் சுகமில்லை என்று போன ஆடியில் துரைசாணி சீமைக்குக் கப்பலேறியபோது மேஜர் அறுபத்தைந்து றாத்தல் இருந்தது. தை மாதம் நுவரெலியாவிலிருந்து மிருக வைத்தியர் வந்து தன் தராசில் ஏற்றியபோது தொண்ணூற்றெட்டு. தீனியைக் குறைக்காவிட்டால் இருதயம் நின்றுவிடும் என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். சித்திரையில் திரும்பி வருகிறேன் என்று துரைசாணியின் தந்தியும் அதே வாரம் வந்தது. இரண்டு செய்திகளில் துரையை அதிகம் கலங்கடித்தது எது என்று பங்களாவில் யாருக்கும் சந்தேகமில்லை.

மேஜர் எப்படிப் பெருத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துரைசாணி இருந்தவரை அது பங்களாவின் பின்கட்டைத் தாண்டியதில்லை. அவர் போனபின் துரை தனிமை பொறுக்காமல் நாயை ஆபீசுக்கும், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்கும் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மனிதனை எடைபோட மனிதனால் ஆகாது, நாயால்தான் ஆகும். மனுக் கொடுக்க வந்தவனைப் பார்த்து மேஜர் வாலாட்டினால் "நல்ல மனுசன்" என்று கையெழுத்துப் போடுவார். ஆட்டாவிட்டால் "நாளைக்கு வா."

தோட்டம் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்தான் எடுத்தது. துரை லஞ்சம் தொடாதவர். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோனாலும் திருப்பி அனுப்புகிற உத்தமர். ஆகவே எல்லாரும் நாயிடம் போனார்கள். பெரிய கிளாக்கரின் கால்சட்டைப் பையில் பிஸ்கட் இருந்தது. கணக்கப்பிள்ளையின் கோட்டுப் பையில் நெத்தலிக் கருவாடு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் மீனெண்ணெயில் தோய்த்த கோதுமைப் பாண் துண்டு கொண்டுவருவார். தொழிற்சங்கத்துத் தலைவர், துரையை நேருக்கு நேர் கண்டிப்பதற்காக வருகிற நாட்களில் மட்டும், இரண்டு உளுந்து வடையைத் தாளில் சுற்றிக்கொண்டு வருவார். ஆறு மாதத்தில் மேஜரின் உடம்பில் ஏறிய முப்பத்து மூன்று றாத்தலைக் கொழுப்பு என்று வைத்தியர் சொன்னது அறியாமை. அது நிர்வாகம்.

அழகுமுத்து கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடிகளைக் குட்டையாக்கும் அந்த வேலையில் கத்திக்கும் அவனுக்கும் அதிக வித்தியாசம் தெரியாது, அவ்வளவு ஒல்லி. பெரிய கிளாக்கர் பேரின்பநாயகம் அவனை ஆபீஸ் வாசலுக்கு அழைப்பித்து, மேலும் கீழும் பார்த்துத் திருப்திப்பட்டார். அவர் யாழ்ப்பாணத்தவர். எதையும் காரணத்தோடு செய்கிறவர்.

"துரை கேட்டவர், இந்த வேலைக்கு ஆர் பொருத்தமெண்டு. நான் உடனே உன்ரை பேரைச் சொன்னனான். சாப்பிடாமல் இருக்கிறது எப்பிடியெண்டு இந்தத் தோட்டத்திலை உன்னைவிடத் தெரிஞ்ச ஆள் ஆர்? அந்த வித்தையை நாய்க்கும் பழக்கிவிடு. விளங்குதே?"

"வெளங்குதுங்க."

"சித்திரையிலை துரைசாணி அம்மா வரேக்கை அறுபத்தைஞ்சு றாத்தல் இருக்க வேணும். இல்லாட்டில் பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு என்றால் பேர் வெட்டு. பேர் வெட்டினால், தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்துக் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். ஒரு தோட்டத்தில் வெட்டியவனை அடுத்த தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அழகுமுத்துவின் மனைவி நாகலெட்சுமிக்கு அது ஆறாம் மாதம். அவன் விரலை மடக்கிப் பார்த்தான். நாயின் தவணையும் பிள்ளையின் தவணையும் ஒரே சித்திரையில் வந்து நின்றன. அன்றைக்குப் போன நிம்மதி பிறகு அவனிடம் வரவில்லை.

உணவுப் பட்டியலை டிஸ்பென்சர் தயாரித்தார். காலையில் அவித்த முட்டை ஒன்று. பகலில் கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சி அரை றாத்தல், கரட், லீக்ஸ். மாலையில் மறுபடி இறைச்சி, ஆடை நீக்கிய பால் ஒரு கோப்பை. இதற்கு மேல் ஒரு பருக்கையும் கூடாது. மனப்பாடம் செய்துகொண்ட பட்டியலை அழகுமுத்து காம்பராவில் வந்து ஒப்பித்தான். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த நாகலெட்சுமி கையை நிறுத்திவிட்டாள்.

"இது அந்தக் கருப்பு நாய்க்கா?"

"ஆமா. மெலியறதுக்கு."

"போன வாரம் மயக்கமா வருதுன்னு நான் போனப்போ அதே டிஸ்பென்சரு இதே முட்டை, இதே கறி, இதே பாலுதானே சொன்னாரு. ஒடம்பு ஏறணும்னா திங்கணும்னாரு. எனக்கு ஏறுறது அதுக்கு எப்பிடிங்க எறங்கும்?"

அழகுமுத்துவுக்குக் கேள்வி நியாயமாகப் பட்டதால் மறுநாள் டிஸ்பென்சரிடமே கேட்டுவிட்டான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வைத்தியத்தில் உணவு ஒன்றுதான், உடம்புதான் வேறு வேறு என்று விளக்கினார். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, நாய்க்குத் தோட்டம் வாங்கிக் கொடுக்கும், உன் பெண்சாதிக்கு நீ வாங்கிக் கொடுக்க வேண்டும், மற்றபடி வைத்திய சாஸ்திரம் பாரபட்சம் காட்டுவதில்லை என்றார்.

மறுநாளிலிருந்து அழகுமுத்து நாயை நடத்தினான். பங்களாவிலிருந்து மேமலைக்கு ஏறி, தேயிலை ஆலையான ஸ்டோர் வழியாக இறங்க வேண்டும். பாதையில் ஏழு வளைவு. முதல் வளைவில் தேயிலைக்குள்ளிருந்து கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி எழுந்தார். மேஜரின் வாயில் கருவாடு தெரிந்தது.

"ஐயா, அதுக்குக் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவுங்க."

"நான் எங்கடா குடுத்தேன்? என் பையிலேருந்து கீழ விழுந்துச்சு. அது எடுத்துக்கிச்சு. விழுந்த சாமானுக்கு உத்தரவு இருக்கா?"

உத்தரவில் அப்படி ஒன்றும் இல்லை. இரண்டாம் வளைவில் டிஸ்பென்சர், பட்டியல் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பரிசோதிக்க வந்து, மீனெண்ணெய்ப் பாணை மருந்தாகக் கொடுத்தார். ஆபீசை அடைந்தபோது பெரிய கிளாக்கர் சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டிக்கொண்டிருந்தார். மேஜருக்கு எவரேனும் எதையேனும் கொடுத்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்ததாம். ஒட்டி முடித்ததும் பசை காய்வதற்குள் மேசைக்கு அடியில் கையை விட்டார். பிஸ்கட் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அழகுமுத்து சுவரைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான்.

"என்ன பாக்கிறாய்? சுற்றறிக்கை தொழிலாளருக்கு. எழுதினவனே வாசிக்கிறதெண்டால் பேந்து எழுதுறது எதுக்கு?"

அழகுமுத்து பாதையை மாற்றினான். ஆபீசுக்கே வராமல் காட்டோரமாக நாயை நடத்தினான். மூன்று நாட்கள் மேஜர் உண்மையிலேயே பட்டியல்படி தின்றது. நான்காம் நாள் நடையில் ஒரு துள்ளல்கூடத் தெரிந்தது. ஆனால் அந்த மூன்று நாட்களில் ஆபீசில் ஒரு மனுவும் கையெழுத்தாகவில்லை. வாலைக் காணாமல் துரை எவனையும் நல்லவன் என்று நம்பத் தயாராக இல்லை. பெரிய கிளாக்கரின் மைத்துனருக்குக் கேட்ட ஸ்டோர் வேலை நின்றது. கணக்கப்பிள்ளையின் புது வீட்டுக்குக் கேட்ட தகரம் நின்றது. நான்காம் நாள் பகல் இரண்டாவது உத்தரவு பிறந்தது. நிர்வாக நலன் கருதி, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மேஜர் ஆபீசில் இருந்தாக வேண்டும். மெலிவதற்கு மற்ற நேரம் தாராளமாக இருக்கிறது.

சனிக்கிழமை மாலை முதல் நிறுவை. தோட்டத்தில் நிறுப்பது என்றால் கொழுந்து மடுவத்தில்தான். பறித்த கொழுந்தோடு பெண்கள் வரிசையில் நிற்க, கொக்கியில் தொங்குகிற தராசில் கூடைகளை ஏற்றிக் கணக்கப்பிள்ளை எண்ணைக் கூவி, சம்பளக் கணக்குக்காகப் புத்தகத்தில் எழுதுகிற இடம் அது. மேஜரை ஒரு கொழுந்துச் சாக்கில் கட்டித் தலை மட்டும் தெரியக் கொக்கியில் தொங்கவிட்டார்கள். முள் நூறைத் தொட்டு நின்றது.

"தொண்ணூத்தொண்ணு" என்று கூவினார் கணேசமூர்த்தி.

முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை. வரிசையில் முதலாவதாக நின்ற பேச்சியம்மா, முப்பது வருடம் அந்த முள்ளையே பார்த்து நரைத்தவள், பக்கத்திலிருந்தவளிடம் சாவதானமாகச் சொன்னாள்.

"சாக்குக்கு ரெண்டு. தண்ணிக்கு நாலு. கழிவுக்கு மூணு. நம்ம கூடையில வெட்டுற மாதிரியே நாயிலயும் வெட்டிட்டாருடி."

கணேசமூர்த்தியைக் குற்றம் சொல்லக் கூடாது. கெட்ட எண்ணத்தில் அவர் செய்யவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முள் காட்டுகிற எண்ணை அவர் வாய் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் அதற்கு எப்படித் தெரியும்? மழையில்லாத நாளில் தண்ணீருக்கு நாலு றாத்தல் எப்படி என்று அழகுமுத்து பணிவாகக் கேட்டதற்கு, நாயின் நாக்கைச் சுட்டிக்காட்டி, "சொட்டுது பாரு" என்றார்.

ஒரே வாரத்தில் ஏழு றாத்தல். துரை மடுவத்துக்கே வந்து அழகுமுத்துவின் தோளில் தட்டினார். பெரிய கிளாக்கர் துரைசாணிக்கு அன்றே கடிதம் அடித்தார். இனி எண் ஏறக் கூடாது. தொண்ணூற்றொன்றுக்கு அடுத்த சனிக்கிழமை எண்பத்தெட்டு வந்தது, அதற்கடுத்தது எண்பத்துநாலு. முள் மட்டும் நூற்றொன்று, நூற்றிரண்டு என்று தன் பாட்டுக்குப் போனது. நாக்குத் தண்ணீர் போதாமல் போகப் போக, கழுத்துப்பட்டிக்கு ஒன்று, காலில் ஒட்டிய மண்ணுக்கு இரண்டு, உள்ளே இழுத்து வைத்திருக்கிற மூச்சுக்கு மூன்று என்று கழிவுகள் பெருகின. மாசியில் மேஜருக்கு ஆபீஸ் படி ஏற முடியவில்லை. பலகை சாய்த்துக் கொடுத்தார்கள். கழுத்துப்பட்டி பூட்ட வரவில்லை. பனிக்குத் தோல் சுருங்குவது இயற்கை என்று பெரிய கிளாக்கர் குறிப்பெழுதி, நீளமான பட்டி ஒன்றுக்கு ஹற்றனுக்கு ஆள் அனுப்பினார். நாய்க்கூட்டின் வாசலைத் தச்சர் வந்து அரை அடி அகலப்படுத்தினார்.

துரைக்கும் கண் இருந்தது. ஒரு நாள் நாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து பார்த்தார். மறுபடி நாயைப் பார்த்தார். இதோ கேட்கப் போகிறார், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அழகுமுத்து ஓரடி முன்னால் வந்தான்.

"புஸ்தகம் எழுபத்தி மூணு சொல்லுது" என்றார் துரை. "நம்ம கண்ணு வேற சொல்லுது. இருபது வருசம் இந்தப் பனி. கண்ணு கெட்டுப்போச்சு, மேன்."

அடுத்த வாரம் அவர் கொழும்புக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். புதுக் கண்ணாடியில் மேஜர் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடி பழகக் கொஞ்ச நாளாகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தாராம்.

அழகுமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் லயத்து வாசலுக்கும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குமாக நடந்தான். மெலிய வேண்டிய நாய் பெருக்க, மெலிய இடமில்லாத அவன் மெலிந்தான். தோட்டத்தில் எல்லாரும் அவனைக் கெட்டிக்காரன் என்றார்கள். கீழ்லயத்திலிருந்து தொந்தி வைத்த தலைக் கங்காணி ஒருவர், தனக்கும் ஒரு வழி சொல்லும்படி வெற்றிலையோடு வந்துவிட்டுப் போனார். துரைசாணி வந்து ஒரு பார்வை பார்த்தால் முடிந்தது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்த மாதிரி இருந்தது. பங்குனி நடுவில் அவன் கணக்கப்பிள்ளையை மடுவத்தில் தனியாகப் பிடித்தான்.

"ஐயா, ஒரே ஒரு வாரம் முள்ளு காட்டுறதச் சொல்லிருங்க. இன்னும் மெலியலன்னு தெரிஞ்சா தொரை தீனி குடுக்கிறவங்களத் தடுப்பாரு. எனக்கும் இன்னும் கொஞ்சம் தவணை கெடைக்கும். நெறமாசக்காரிய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

கணேசமூர்த்தி இளகித்தான் போனார். அவரும் நாலு பிள்ளை பெற்றவர். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஒரு நெத்தலியைத் தட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லலாம்டா அழகு. எனக்கு என்ன வந்துச்சு? ஆனா நாய்க்குச் சொன்னேன்னு வையி, அதுக்கு அடுத்தாப்புல கூடையோட நிக்கிறா பாரு, அவளுக்கும் சொல்லணும். அவளுக்குச் சொன்னா நூத்தி நாப்பது பேருக்கும் சொல்லணும். ஒரு நாயிக்காக இம்புட்டுப் பெரிய தோட்டத்த இழுத்து மூடச் சொல்றியா?"

சித்திரை முதல் சனிக்கிழமை மேஜர் அறுபத்தைந்து றாத்தலை அடைந்தது. சாக்கின் தையல் அன்று விட்டுவிட்டது. பெரிய கிளாக்கர் சிறு உரை நிகழ்த்தினார். கட்டுப்பாடும் நேர்மையான பதிவும் இருந்தால் நாயையும் திருத்தலாம் என்றும், தொழிலாளர்கள் இதைப் பார்த்துப் பாடம் படிக்க வேண்டும் என்றும், தின்பதைக் குறைத்ததால் அந்தச் சீவன் எவ்வளவு சந்தோசமாக இருக்கிறது என்றும் சொன்னார். மேஜர் சாக்குக்குள்ளிருந்து அவரைப் பார்த்து வாலை ஆட்ட முயன்றது. சாக்கு மட்டும் ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை பகல் துரைசாணி வந்திறங்கினார். காரைவிட்டு இறங்கியதும் மேஜர் எங்கே என்று கேட்டார். அவருக்கு முன்னால்தான் அது நின்றுகொண்டிருந்தது. துரை அறிமுகப்படுத்த வேண்டியதாயிற்று. துரைசாணி பெட்டிகளுக்குள்ளிருந்து, சீமையில் குளியலறையில் வைத்து ஆட்கள் ஏறி நின்று பார்க்கிற சின்னத் தராசு ஒன்றை எடுத்து முற்றத்தில் வைத்தார். நாயை அதில் நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நூற்றாறு.

திங்கட்கிழமை காலை ஆபீசில் விசாரணை. துரை நடுவில் இருந்தார். பெரிய கிளாக்கர், டிஸ்பென்சர், கணக்கப்பிள்ளை மூவரும் பக்கத்தில். அழகுமுத்து கதவுக்கு வெளியே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சனிக்கிழமை மாலை புத்தகத்தில் அறுபத்தைந்து. ஞாயிறு பகல் நூற்றாறு. புத்தகம் பிழைக்காது, சீமைத் தராசும் பிழைக்காது. ஆகவே இடைப்பட்ட பதினெட்டு மணி நேரத்தில் நாயைப் பொறுப்பில் வைத்திருந்தவன் அதற்கு நாற்பத்தொரு றாத்தல் ஊட்டியிருக்கிறான் என்று பெரிய கிளாக்கர் குற்றப்பத்திரம் வாசித்தார். ஒரு சீவன் தன் எடையில் பாதிக்கு மேல் ஒரே இராத்திரியில் தின்ன முடியுமா என்று துரை கேட்டார். பட்டினி கிடந்த உடம்பு சாப்பாட்டைக் கண்டால் அப்படித்தான் செய்யும், தோட்டத்தில் தீபாவளிக்கு மறுநாள் இதே மாதிரிக் கேசுகள் தனக்கு நிறைய வருவதுண்டு என்றார் டிஸ்பென்சர்.

"நீ என்ன சொல்றே, மேன்?"

மூன்று மாதமாக அழகுமுத்து சொல்ல நினைத்ததெல்லாம் போய் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"தொரைங்களே, நாப்பத்தோரு றாத்தல் திங்கக் குடுக்க எங்கிட்ட இருந்தா, நாயிக்கா குடுப்பேன்? வீட்டுல ஒருத்தி நாள எண்ணிக்கிட்டு இருக்கா."

பத்துச்சீட்டு எழுதும்படி துரை கைகாட்டினார். பெரிய கிளாக்கர் தட்டச்சில் தாளைச் சுருட்டினார். சீட்டில் காரணம் போட வேண்டும். அது கம்பனியின் விதி. நாய் அறுபத்தைந்து றாத்தலாக இருக்கையில் என்று தொடங்கினார். நிறுத்தினார். அறுபத்தைந்து என்றால் இவன் வேலையை ஒழுங்காகச் செய்தவன். தாளை உருவிப் போட்டுவிட்டு, நாய் நூற்றாறு றாத்தலாக இருக்கையில் என்று தொடங்கினார். நூற்றாறு என்றால் புத்தகம் பொய். கணேசமூர்த்தி மெதுவாக இருமினார். மூன்றாவது தாளில் எடையே போடாமல், நாயை உரிய முறையில் என்று எழுதி, உரிய முறை எது என்ற இடத்தில் கிளாக்கரின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. வாசலில் நின்ற அழகுமுத்துவின் லயமும் காம்பராவும் பிறக்கப் போகிற பிள்ளையும் அந்த விரல்களின் நுனியில் இருந்தன, விரல்கள் இறங்கவில்லை.

அந்த நேரத்தில் துரைசாணி உள்ளே வந்தார். பின்னால் மேஜர் பலகை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. வாதம் எதையும் அவர் கேட்கவில்லை. இன்று மாலை அதே மடுவத்தில், அதே தராசில், தன் கண் முன்னால் நாயை நிறுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். துரை சம்மதித்தார். துரைசாணி சொல்லி அவர் சம்மதிக்காத விஷயம் தோட்டத்தில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மாலையில் நூற்று நாற்பது பெண்களும் கூடையோடு நின்றார்கள். நாயைப் புதுச் சாக்கில் ஏற்றினார்கள். துரைசாணி முள்ளுக்குப் பக்கத்தில் போய், மூக்கு தொடுகிற தூரத்தில் நின்றார். முள் ஆடி, அசைந்து, நின்றது.

கணேசமூர்த்தி வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் "அறு..." என்று தொடங்கியது. துரைசாணி திரும்பிப் பார்த்தார். கணக்கப்பிள்ளையின் நெற்றியில், அவர் இத்தனை காலம் கழித்த தண்ணீரெல்லாம் வந்து நின்றது.

"நூத்தியெட்டு" என்றார். "சாக்கோட."

அது போதும் என்று துரைசாணி திரும்பினார். அப்போது பேச்சியம்மா கூடையை இறக்கித் தானே கொக்கியில் மாட்டினாள்.

"அம்மா, செத்த நில்லுங்க. நாயி எறங்கிருச்சு. அடுத்தது நாங்கதான்."

துரைசாணிக்குத் தமிழ் எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. ஆனால் முள்ளைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்பது விளங்கியது. சீமையிலிருந்து வந்த களைப்பையும் பாராமல் நின்றார், பார்த்தார். பேச்சியம்மாவுக்கு முப்பத்து நாலு. கணக்கப்பிள்ளை முப்பத்து நாலு என்று கூவினார். அடுத்தவளுக்கு இருபத்தொன்பது, அவளுக்கும் அதையே கூவினார். மூன்றாவது ஆளுக்குள் வரிசையில் இருந்தவர்கள் தாங்களே முள்ளைப் பார்த்து முன்கூட்டியே கூவத் தொடங்கினார்கள். பொழுது சாய்கிறவரை துரைசாணி நகரவில்லை; நாயும் அவர் காலடியில் படுத்துக் குறட்டை விட்டது. அன்றைக்கு ஊசிப்பாறைத் தோட்டம் அதுவரை காணாத அளவு கொழுந்து பறித்ததாகப் புத்தகம் சொன்னது. செடிகள் அதே செடிகள்தான்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்று காரியங்கள் நடந்தன. இனிமேல் எந்த நாயும் மடுவத்தில் நிறுக்கப்படலாகாது என்று சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. மாலைப் பனி துரைசாணியின் நுரையீரலுக்கு ஆகாது, நாலு மணிக்கு மேல் பங்களா கேட்டைத் தாண்டாதிருப்பது நல்லது என்று டிஸ்பென்சர் வைத்தியச் சான்றிதழ் எழுதினார். நாய் பின்கட்டுக்குத் திரும்பியது. அங்கே துரைசாணியைத் தவிர யாரும் போக முடியாது, அவரிடம் யாருக்கும் மனு இல்லை, ஆகவே அது நிஜமாகவே மெலியத் தொடங்கியது. அதை எந்தப் புத்தகத்திலும் எழுத முடியவில்லை, ஏனென்றால் புத்தகத்தில் அது ஏற்கெனவே மெலிந்துவிட்டது.

அழகுமுத்துவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பத்துச்சீட்டு இல்லை என்றார் பெரிய கிளாக்கர். பேர் நிற்கும், காம்பரா நிற்கும், நாளைக்கே கவ்வாத்துக்குப் போகலாம். ஒரே ஒரு கடதாசியில் பெருவிரல் வைக்க வேண்டும்.

"திங்கட்கிழமை பின்னேரம் மடுவத்திலை தராசு முள்ளை நீ பாக்கேல்லை. அவ்வளவுதான். வை."

அழகுமுத்து கடதாசியைப் பார்த்தான். நாகலெட்சுமியின் வயிற்றை நினைத்தான். வைத்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது. பெரிய கிளாக்கர் அதை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த கடதாசிக் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். அன்று மடுவத்தில் நின்ற எல்லாரிடமும் இதே மாதிரி வாங்க வேண்டுமென்று துரையின் உத்தரவு. நூற்று நாற்பது கடதாசி. வாசலில் பெண்கள் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

முதலாவதாக வந்தவள் பேச்சியம்மா. பெருவிரலை மையில் தோய்த்துக்கொண்டு, கடதாசிக்கு மேலே அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தப் பாக்கலன்னு போட்டிருக்கீங்க, ஐயா?"

"முள்ளை."

"முள்ளு எங்க நின்னுச்சுன்னு போடலியா?"

"அது என்னத்துக்கு?"

"பின்ன நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா, எதப் பாக்கலன்னு நான் எப்பிடிங்க சொல்றது? சரியாப் போட்டிருங்க." பின்னால் நின்ற நூற்று முப்பத்தொன்பது பேருக்கும் கேட்கிறபடி சொன்னாள். "முப்பத்து நாலுன்னு எழுதுங்க, ஐயா. முப்பத்து நாலைத்தான் நான் பாக்கல."